குதிரையை மட்டும் பார்க்க ஒரு பயணம்: எங்கே போகலாம்?

#1 செவலை

வணக்கம். என் மகளுக்குக் குதிரைப் பைத்தியம். கோவைக்குப் பக்கத்தில் ஒரு குதிரையேற்றப் பள்ளியில் பழகுகிறாள். சனி, ஞாயிறு விடிந்தால் அவளை அங்கே கொண்டுபோய் விடுவதுதான் என் வேலை. பதினாலு வயது. சவாரியைவிட லாயத்தில் நின்று பிரஷ் போடுவதிலும் குளம்பைச் சுரண்டிச் சுத்தம் செய்வதிலும்தான் அவளுக்கு ஆசை அதிகம்.

வருகிற மே மாதத் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இருக்கும் என் தம்பி வீட்டுக்குப் போகிறோம். ஊர் பீட்டர்பரோ. லண்டனை ஒரே நாளில் முடித்துக்கொண்டு மிச்சத்தைக் குதிரைக்கு ஒதுக்க வேண்டும் என்று மகள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். தம்பி அஸ்காட் குதிரைப் பந்தயத்துக்கு டிக்கெட் பார்க்கிறேன் என்கிறான். வீட்டுக்காரருக்கோ ரேஸ் என்ற பேச்சே ஆகாது. அவருடைய பெரியப்பா கிண்டிக்குப் போய்ப் போய் ரெண்டு வீட்டை விற்றவர்.

பந்தயத்தில் பணம் கட்டாமல், ரேஸுக்கு வருகிறவர்களின் தொப்பியை வேடிக்கை பார்க்காமல், குதிரையைப் பக்கத்தில் நின்று பார்க்கிற மாதிரி எங்கே போகலாம்? நம் ஊர்ப் பக்கம் அப்படி இடம் இருந்தாலும் சொல்லுங்கள். ஊட்டி ரேஸ் என்ன ஆயிற்று என்று தெரிந்தவர்களும் சொல்லலாம்.

#2 கொள்ளு_ரசம்

அக்கா, அந்தப் பெரியப்பா எல்லாக் குடும்பத்திலும் ஒருத்தர் இருப்பார் போல. எங்கள் வீட்டில் அது சித்தப்பா, ஊர் பெங்களூர்.

ராயல் அஸ்காட் ஜூன் மாதம். அஞ்சு நாள் நடக்கும். மேயில் போகிற உங்களுக்கு அது கிடைக்காது, விட்டுவிடுங்கள். கேம்பிரிட்ஜ்வாசி அண்ணன் இந்தப் பக்கம் வந்தால் நியூமார்க்கெட் புராணம் பாடாமல் போகமாட்டார். கொஞ்சம் பொறுங்கள்.

#3 கேம்பிரிட்ஜ்வாசி

புராணம் என்றே வைத்துக்கொள் தம்பி, பாடிவிட்டே போகிறேன்.

சகோதரி, நீங்கள் தங்கப்போகும் இடத்திலிருந்து நியூமார்க்கெட்டுக்குக் காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். சின்ன ஊர். ஆனால் அங்கே பயிற்சியில் இருக்கும் ரேஸ் குதிரைகள் மட்டும் ஏறக்குறைய 3,000. பயிற்சிக்கென்றே ஊரைச் சுற்றி 2,500 ஏக்கர் நிலம் விட்டு வைத்திருக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சார்லஸ் மன்னர் பரிவாரத்தோடு இங்கே வந்து தங்கிப் பந்தயம் நடத்தினார், தானே குதிரையேறி ஓடி ஜெயிக்கவும் செய்தார். அவருக்கு 'ஓல்டு ரௌலி' என்று பட்டப்பெயர். இன்றைக்கும் அங்கே இருக்கிற பெரிய ஓட்டத் தடம் ரௌலி மைல்தான்.

ரேஸை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். நீங்கள் போகவேண்டியது காலை ஆறு, ஆறரைக்கு, வாரன் ஹில் என்ற மேட்டுக்கு. மோல்டன் ரோட்டில் இருக்கிறது. டிக்கெட் கிடையாது. யாரையும் கேட்க வேண்டியதில்லை. சாலையோரம் ஒதுங்கி நின்றால் போதும்.

லாயங்கள் ஊருக்குள்ளேயே இருப்பதால் குதிரைகள் தெரு வழியாகத்தான் வரவேண்டும். அவற்றுக்கென்று தனி நடைபாதை, சாலையைக் கடக்கத் தனி இடம். ஒரு லாயத்திலிருந்து இருபது முப்பது குதிரைகள் வரிசையாக வரும். பள்ளிக்கூடப் பஸ், பால் வண்டி, எல்லாம் நிற்கும். அங்கே ஹாரன் அடித்த ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

மேட்டின் அடிவாரத்தில் வட்டமாக நடக்க விடுவார்கள். உங்கள் மகள் பார்க்கவேண்டியது இந்த இடம்தான். எந்தக் குதிரை தலையை உதறுகிறது, எது கடிவாளத்தைக் கடித்துக்கொண்டு முரண்டு பிடிக்கிறது, எது முன்னால் போகிற குதிரையின் வாலைப் பார்த்துக்கொண்டே சோம்பேறியாக வருகிறது, எல்லாம் தெரியும். ரெண்டு வயதுக் குட்டிகளுக்கு ஒரு பிளாஸ்டிக் பை பறந்தாலே போதும், நாலு காலும் தரையில் இருக்காது. மேலே இருக்கிறவர், பெரும்பாலும் ஒல்லியான ஒரு பெண், பேசிக்கொண்டே அதை வழிக்குக் கொண்டுவருவார்.

அப்புறம் ரெண்டு ரெண்டாக, மூன்று மூன்றாக மேட்டில் ஏற விடுவார்கள். அங்கே புல் தடமும் இருக்கிறது, மெழுகு கலந்த செயற்கை மணல் தடமும் இருக்கிறது. பாய்ச்சலில் ஓடுகிற குதிரை ஓர் எட்டுக்கு ஒரு மூச்சுதான் விடமுடியும். முன்னங்கால் தரையில் படும்போது உள்ளே இருக்கிற குடல் பகுதி எல்லாம் முன்னுக்கு வந்து நுரையீரலை நெருக்கி மூச்சை வெளியே தள்ளும் என்பார்கள். எப்படியோ, அடியும் மூச்சும் ஒரே தாளம். குளிர்ந்த காலையில் பக்கத்தில் நின்றால் கொல்லன் பட்டறைத் துருத்தி ஊதுகிற மாதிரி கேட்கும். டிவியில் ரேஸ் பார்க்கிறவனுக்கு இந்தச் சத்தம் தெரியவே தெரியாது, வர்ணனைக்காரர் விடமாட்டார்.

சில ஒழுங்குகள் உண்டு. காலை நேரத்தில் புல்வெளிக்குள் கால் வைக்கக்கூடாது, அது குதிரைகளின் நேரம். மதியம் ஒரு மணிக்கு மேல் நாம் நடக்கலாம். குடையைப் படக்கென்று விரிக்காதீர்கள். போட்டோவுக்கு ஃபிளாஷ் வேண்டாம். குதிரையைப் பார்த்துக் கை தட்டிக் கூப்பிடுவது நம் ஆட்களுக்குப் பழக்கம், அதையும் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

மேயில் போகிறீர்கள் என்பது பெரிய அதிர்ஷ்டம். அங்கேயே நேஷனல் ஸ்டட் என்ற இனப்பெருக்கப் பண்ணை இருக்கிறது. அதற்கு முன்பதிவு செய்துகொண்டு போய்ச் சுற்றிப் பார்க்கலாம். பெட்டைக்குதிரைக்குச் சினைக்காலம் பதினொரு மாதம். அங்கே ரேஸ் கணக்கில் எந்த மாதம் பிறந்தாலும் ஜனவரி 1 அன்று எல்லாக் குதிரைக்கும் ஒரு வயது கூடிவிடும். அதனால் வருஷத் தொடக்கத்திலேயே குட்டி போட வைக்கப் பார்ப்பார்கள். மேயில் அந்தக் குட்டிகள் எல்லாம் தாயை விட்டுக் கொஞ்சம் தள்ளி ஓடிப் பார்க்கிற பருவத்தில் இருக்கும்.

#4 செவலை

அண்ணா, மகளிடம் படித்துக் காட்டினேன். வீட்டில் இருக்கிற சூட்கேஸை எடுத்து ஹாலில் வைத்துவிட்டாள். பயணத்துக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன.

ஒரு சந்தேகம். அவ்வளவு தூரம் போய்விட்டு ஒரு ரேஸ்கூடப் பார்க்காமல் வருவதா? வீட்டுக்காரரைச் சமாளித்துக்கொள்கிறேன். சின்னப் பிள்ளையை உள்ளே விடுவார்களா?

#5 கேம்பிரிட்ஜ்வாசி

தாராளமாக விடுவார்கள். அங்கே ரேஸ் மைதானம் குடும்பத்தோடு போகிற இடம். பெரியவர்களோடு வருகிற பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு நியூமார்க்கெட் மாதிரி பல மைதானங்களில் கட்டணம் இல்லை. பந்தயப் பணம் கட்டுகிற இடத்தில்தான் பதினெட்டு ஆகியிருக்க வேண்டும்.

மே தொடக்கத்தில் கினீஸ் வாரக்கடைசி வரும். 2000 கினீஸ் என்ற ரேஸ் 1809இல் தொடங்கியது, பெண் குதிரைகளுக்கான 1000 கினீஸ் 1814இல். ரெண்டுமே மூன்று வயதுக் குதிரைகளுக்கு, ஒரு மைல் தூரம். 2011இல் ஃபிராங்கெல் என்ற குதிரை 2000 கினீஸைத் தொடக்கத்திலிருந்தே முன்னால் ஓடி ஆறு குதிரை நீளத்தில் ஜெயித்தது. மொத்தம் 14 ரேஸ் ஓடி 14இலும் முதலாவது. இந்த ஊர் லாயத்தில் வளர்ந்த குதிரை. இப்போது பக்கத்திலேயே ஒரு பண்ணையில் பொலிக்குதிரையாக இருக்கிறது.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரேஸ் பார்க்க ரௌலி மைல் அவ்வளவு நல்ல இடம் இல்லை. தடம் வளைவே இல்லாமல் நேராக வரும். ஸ்டாண்டில் நிற்கிறவருக்கு முதல் ஒரு நிமிஷம் தூரத்தில் புள்ளிகள் அசைவதுதான் தெரியும். திடீரென்று பெரிசாகும், கடந்துபோகும், முடிந்துவிட்டது. ஒன்றே முக்கால் நிமிஷம்கூட ஆகாது.

நான் என்ன செய்வேன் என்றால், ஸ்டாண்டுக்கே போகமாட்டேன். சேணம் பூட்டுகிற இடத்துக்கும் அதற்கு முன்னால் நடக்கவிடுகிற வட்டத்துக்கும் போய் வேலியில் சாய்ந்துகொள்வேன். கைக்கெட்டும் தூரத்தில் குதிரை நடக்கும். தோல் மினுமினுப்பு, காது எந்தப் பக்கம் திரும்புகிறது, முன்னங்கால் வைத்த தடத்தைப் பின்னங்கால் தாண்டி விழுகிறதா, தொடைக்கு நடுவில் வெள்ளை நுரை தட்டியிருக்கிறதா என்றெல்லாம் மகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். நுரை தட்டினால் ஓடுவதற்கு முன்பே பயத்தில் பாதி சக்தியைச் செலவழித்துவிட்டது என்று அர்த்தம். ரெண்டு ரேஸ் இப்படிப் பார்த்தால் அவளே எது வரும், எது வராது என்று சொல்ல ஆரம்பித்துவிடுவாள். வீட்டுக்காரர் காதில் மட்டும் அது விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

#6 தராசு

இந்த வர்ணனைக்கெல்லாம் நடுவில் ஒரு ஆள் கேட்கவேண்டிய கேள்வியை நான் கேட்கிறேன். இரண்டு வயதில், எலும்பு முழுசாக முற்றாத பருவத்தில், முதுகில் ஆளை ஏற்றி ஓடவிடுகிறார்கள். பின்தங்கினால் சாட்டை. கால் ஒடிந்தால் மைதானத்திலேயே திரையைக் கட்டி ஊசி. ஜெயிக்கிற நாலு குதிரை பொலிக்குப் போகும், மிச்சம் எங்கே போகும்? பதினாலு வயதுப் பிள்ளைக்குக் குதிரை மேல் பிரியம் இருக்கிறது என்றால் அதையும் சேர்த்துத்தான் காட்டவேண்டும். மெரினாவில் விலா எலும்பு தெரிய நிற்கிற குதிரைகளில் எத்தனை ஒரு காலத்தில் கிண்டியில் ஓடியவை என்று யாராவது கேட்டிருக்கிறீர்களா?

#7 லாயம்62

நான் கேட்டிருக்கிறேன். என் அப்பா கிண்டியில் குதிரைக்காரராக இருந்தவர். நான் பிறந்து வளர்ந்தது அந்த லாயத்துக்கு அடுத்த சந்தில். அதனால் சொல்கிறேன் தராசு சார், நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. ஓய்ந்துபோன குதிரையை மலிவு விலைக்குத் தள்ளிவிட்ட முதலாளிகளும் உண்டு, நல்ல இடம் தேடிக் கொடுத்தவர்களும் உண்டு. அப்பா வளர்த்த ஒரு குதிரை கல்யாண ஊர்வலத்துக்குப் போயிற்று. அதைத் தெருவில் பார்த்துவிட்டு வந்து அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

ஆனால் இன்னொரு பாதியும் இருக்கிறது. லாயத்தில் நாலு மணிக்கு எழுந்து கொள்ளு வேகவைத்து, கால் சூட்டைத் தடவிப் பார்த்து, ஒரு தும்மலுக்கு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிற மனுஷன் யாரும் பந்தயம் கட்டுகிறவன் இல்லை. ரேஸ் என்றால் ஜனங்களுக்கு புக்கி, ஜாக்பாட், டிப்ஸ் இவ்வளவுதான் தெரியும். ஸ்டாண்டில் கத்துகிறவனுக்குக் குதிரை ஒரு நம்பர். அந்தக் கூட்டத்தை வைத்துக் குதிரைக்காரனை எடை போடாதீர்கள்.

செவலை அம்மா கேட்டதற்கு: கிண்டியில் 1777 முதலே ஓட்டம் நடந்திருக்கிறது என்பார்கள். மெட்ராஸ் ரேஸ் கிளப் என்ற அமைப்பு 1896இல் வந்தது. 1974இல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தையே ஒழிக்கச் சட்டம் போட்டது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996இல் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு, வெறும் அதிர்ஷ்டச் சூது அல்ல என்று தீர்ப்பு வந்தது. அப்புறம் 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது 28 சதவீதம். கூட்டம் அதிலேயே பாதி கரைந்தது. 2024இல் குத்தகை பாக்கி என்று சொல்லி ஜூன் மாதம் ஊட்டி மைதானத்தின் 52 ஏக்கரை அரசு எடுத்தது, செப்டம்பரில் கிண்டியின் 160 ஏக்கரை. ரெண்டும் கோர்ட்டுக்குப் போன விவகாரம். ஆகவே தமிழ்நாட்டில் ரேஸ் பார்க்க என்று கிளம்புவதானால் முதலில் அன்றைக்கு ஓட்டம் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஊட்டியை நினைத்தால்தான் வருத்தம். அப்போதெல்லாம் சித்திரை பிறந்ததும் சீசன் தொடங்கிவிடும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே மைதானம். பஸ் பிடிக்க வந்தவன்கூட வேலியோரம் நின்று இலவசமாகப் பார்த்துவிட்டுப் போவான். மெட்ராஸ் வெயிலில் நாக்குத் தள்ளிய குதிரைகள் மேலே போனதும் ஒரே வாரத்தில் ஆளே மாறிவிடும்.

#8 தராசு

உங்கள் அப்பா மேல் எனக்கு மரியாதை உண்டு ஐயா. என் சண்டை குதிரைக்காரரோடு இல்லை, அவர் உழைப்பைக் காட்டி இந்த வியாபாரத்துக்கு நல்ல பெயர் வாங்கித் தருகிறவர்களோடுதான். வெயில் என்று நீங்களே சொல்கிறீர்கள். பாண்டிய ராஜா காலத்தில் அரபு நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் குதிரை இறக்கி, பார்த்துக்கொள்ளத் தெரியாமல் சாகவிட்டார்கள் என்று மார்க்கோ போலோ எழுதி வைத்துவிட்டுப் போனார். எழுநூறு வருஷம் ஆயிற்று.

#9 கேம்பிரிட்ஜ்வாசி

தராசு, சாட்டை விஷயத்தில் பிரிட்டனில் என்ன நிலைமை என்று சொல்கிறேன், தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள். 2023இல் விதியை இறுக்கினார்கள். சமதள ரேஸில் ஒரு ஜாக்கி ஆறு தடவைக்கு மேல் சாட்டையைப் பயன்படுத்தக் கூடாது, தடை தாண்டும் ரேஸில் ஏழு. நாலு தடவை கூடிவிட்டால் ஜெயித்த குதிரையையே தகுதி நீக்கம் செய்துவிடுவார்கள். 'அப்படியானால் ஆறு அடி மட்டும் சரியா?' என்று கேட்பீர்கள். எனக்கும் அது உறுத்தத்தான் செய்கிறது. நார்வேயில் சாட்டை இல்லாமலே ரேஸ் நடக்கிறது.

'மிச்சக் குதிரை எங்கே போகும்' என்றீர்களே, அதற்காகவே நியூமார்க்கெட்டில் இன்னொரு இடத்தையும் சேர்க்கிறேன். ஊர் நடுவில் பேலஸ் ஹவுஸ் என்று ஒன்று. இரண்டாம் சார்லஸின் அரண்மனையில் மிஞ்சிய பகுதி. 2016 முதல் அங்கே குதிரைப் பந்தய அருங்காட்சியகம் இருக்கிறது. அதோடு சேர்ந்த லாயத்தில் ஓய்வுபெற்ற ரேஸ் குதிரைகளை வைத்து, சாதாரணச் சவாரிக்குப் பழக்குவதைப் பார்வையாளர் முன்னால் செய்து காட்டுகிறார்கள். ஓடு என்றால் உயிரைக் கொடுத்து ஓட மட்டுமே பழகிய குதிரைக்கு, நிதானமாக நில், வளைந்து நட என்று மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க எவ்வளவு பொறுமை வேண்டும் என்று அங்கே தெரியும். எல்லாக் குதிரைக்கும் அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை என்பது உண்மை.

சகோதரி, உங்கள் மகள் பழகுகிற பள்ளியில் விசாரித்துப் பாருங்கள். நம் ஊர்ச் சவாரிப் பள்ளிகளில் ரேஸிலிருந்து வந்த குதிரைகள் நிறைய.

இன்னொன்று: டாட்டர்சால்ஸ் ஏலக்கூடம். 1766 முதல் குதிரை ஏலம் போடுகிற நிறுவனம். யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம், காசு இல்லை. இன்றைக்கும் கினி கணக்கில்தான் விலை கேட்பார்கள். ஒரு கினி என்பது ஒரு பவுண்டு அஞ்சு பென்ஸ். மே தொடக்கத்தில் ரெண்டு வயதுக் குதிரைகளின் ஏலம் ஒன்று வரும், தேதி பொருந்துகிறதா பாருங்கள். மூக்கைச் சொறியாமல் உட்கார்ந்திருந்தால் பிரச்சினை இல்லை.

#10 செவலை

பள்ளியில் கேட்டேன் அண்ணா. மகளுக்குப் பிடித்த அந்தச் செவலைக் குதிரையே பெங்களூரில் ஓடியதாம். முதல் மூன்று இடத்தில் ஒரு தடவைகூட வரவில்லை என்று சொல்லிவிட்டு மாஸ்டர் சிரித்தார். மகளுக்குக் கோபம்.

தராசு சார், நீங்கள் எழுதியதையும் அவளிடம் காட்டினேன். "அப்போ அந்தப் பேலஸ் ஹவுஸுக்கு முதலில் போகலாம்" என்றாள்.

#11 பவானிக்கரை

இங்கிலாந்தெல்லாம் சரி. கோயமுத்தூரில் இருந்துகொண்டு அந்தியூரைப் பற்றி யாருமே சொல்லாமல் இருக்கிறீர்களே! ஆடி மாதம் குருநாதசாமி கோயில் பண்டிகை. அந்தியூருக்குப் பக்கத்தில் புதுப்பாளையம். பண்டிகையோடு சேர்த்து நாலு நாள் குதிரைச் சந்தை, மாட்டுச் சந்தை. திப்பு சுல்தான் காலத்தில் படைக்குக் குதிரை வாங்க இங்கேதான் வருவார்கள் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள்.

மார்வாரி, கத்தியவார் குதிரைகளை இங்கே பக்கத்தில் பார்க்கலாம். காது நுனி ரெண்டும் உள்பக்கமாக வளைந்து ஒன்றை ஒன்று தொடுகிற மாதிரி இருக்கும். உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கும் கண்ணோரமும் ரோஸ் நிறமாக இருப்பது நொக்ரா, அதற்கு விலை தனி. நாலு காலிலும் முகத்திலும் வெள்ளை இருந்தால் பஞ்சகல்யாணி. நாட்டு மட்டக்குதிரைகளும் வரும்.

விலை பேசுவதைத்தான் கட்டாயம் பார்க்கவேண்டும். முதலில் பல்லைப் பிடித்துப் பார்த்து வயசு சொல்வார்கள். பின்னே சுழி. நெற்றியில் எத்தனை சுழி, கழுத்தில் எங்கே, வயிற்றில் இருக்கிறதா என்று மயிரைக் கோதிக் கோதிப் பார்ப்பார்கள். நல்ல ஓட்டக்குதிரை, எட்டு வைப்பதில் குறையே இல்லை, ஆனால் ஒரு சுழி இடம் மாறி இருக்கிறது என்பதற்காக வாங்காமல் போகிறவனை நானே பார்த்திருக்கிறேன். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் விற்கும்போது நம்பிக்கை இருக்கிறவனிடம்தானே விற்கவேண்டும், அதனால் வாங்கும்போது நானும் சுழி பார்த்துத்தான் வாங்குவேன். தரகர் துண்டைக் கை மேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்வார். வெளியே நிற்கிற நமக்கு ஒன்றும் தெரியாது, வாங்குகிறவர் முகம் சுளிப்பதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஓட்டம் பார்க்கவேண்டுமானால் சந்தையிலேயே வாங்குகிறவருக்கு ஓட்டிக் காட்டுவார்கள். தெற்கே சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாவில் குதிரைவண்டி எல்கைப் பந்தயம் நடக்கும். பெரிய குதிரை, நடுக்குதிரை என்று பிரித்து ரோட்டிலேயே ஓட்டுவார்கள். கூடவே பைக்கில் நூறு பேர் கத்திக்கொண்டு வருவார்கள். அதற்குப் பிள்ளையைக் கூட்டிப் போகச் சொல்லமாட்டேன்.

#12 தராசு

அந்தியூரில் மேளத்துக்குக் குதிரையை ஆடவிடுவார்களே, அதையும் சொல்லியிருக்கலாம். முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறது என்று ஜனம் விசில் அடிக்கும். வாயில் முள் கடிவாளம் போட்டு இழுத்துப் பிடித்திருப்பதை யாரும் பார்ப்பதில்லை.

#13 பவானிக்கரை

எல்லாரும் முள் கடிவாளம் போடுவதில்லை சார். போடுகிறவர்களும் இருக்கிறார்கள், மறைக்கவில்லை. வாயோரம் புண் இருக்கிற குதிரையை எங்கள் ஊரில் விவரம் தெரிந்தவன் வாங்கமாட்டான், விலையில் அடிபடும். சட்டத்தைவிட அதுதான் இங்கே வேலை செய்கிறது. செவலை அக்கா, பிள்ளையைக் கூட்டி வந்தால் முதலில் வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். குதிரைக்காரனைப் பற்றி அதிலேயே தெரிந்துவிடும்.

#14 நெடுந்தீவான்

இந்த இழையைக் கனநாளாக வாசித்துக்கொண்டிருக்கிறன், எங்கட ஊரைப் பற்றி ஒருத்தரும் கதைக்கவில்லை. ஆளே ஏறாத குதிரை பார்க்க வேணுமெண்டால் நெடுந்தீவுக்கு வாங்கோ.

யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் வரைக்கும் பஸ், அங்கிருந்து படகில் ஒரு மணித்தியாலம் மட்டில். 1985இல் குமுதினிப் படகில் சனத்தைக் கொன்ற கதை எங்கட ஆக்களுக்குத் தெரியும், அதை இங்கே இழுக்கவில்லை. தீவு முழுக்கப் பவளக்கல் வேலி, பனை, வெட்டை. அந்த வெட்டைகளில்தான் மட்டக்குதிரைகள் கூட்டம் கூட்டமாக மேயும். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்து வளர்த்தவை, அவர்கள் போன பிறகு தன்பாட்டில் காட்டுக்குதிரையாகிவிட்டன. ஒல்லாந்தர் காலத்துக் குதிரை லாயத்தின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. தீவை விட்டுக் குதிரையை வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது.

ஒரு கூட்டத்துக்கு ஒரு கடுவன்தான் தலைமை. வேறொன்று கிட்ட வந்தால் காதைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு கடிக்கப் பாயும். ரேஸ் குதிரையில் நீங்கள் பார்க்கிற அந்த முன்னுக்கு ஓடுகிற குணம் ஏன் வருகுது எண்டு அங்கே பார்த்தால் விளங்கும். கிட்டப் போகாதேங்கோ, சாப்பாடும் குடுக்காதேங்கோ. கோடை முற்றினால் தண்ணீர் வற்றி, கிணற்றடியில் தொட்டியைச் சுற்றி நிற்கும். அந்த நேரம் பார்க்கவே ஏலாது, பல வருஷங்களில் செத்தும் இருக்கின்றன. மாரி மழை முடிந்த கையோடு, தை மாசி மட்டில் போனால் புல் இருக்கும், குதிரையும் வடிவாக இருக்கும்.

ரேஸ்தான் வேணுமெண்டால் சித்திரை வருஷப் பிறப்பை ஒட்டி நுவரெலியாவில் நடக்கும், கவர்னர் கிண்ணம் அதில் பெரிசு. அந்தக் கிழமை அறை வாடகையைக் கேட்டால் தலை சுத்தும்.

#15 கொள்ளு_ரசம்

நெடுந்தீவு அண்ணன் எழுதியதைப் படித்தபின் புஷ்கர் போகிற என் திட்டம் ஆட்டம் காணுது. யாராவது புஷ்கர் போயிருக்கிறீர்களா? கார்த்திகைப் பௌர்ணமி அன்றைக்குப் போனால் போதுமா?

#16 லாயம்62

பௌர்ணமிக்குப் போனால் குளிக்க வந்த ஜனத்தைத்தான் பார்க்கலாம் தம்பி. வியாபாரம் எல்லாம் முதல் சில நாளிலேயே முடிந்து குதிரைக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள். ஒரு வாரம் முன்னாலேயே போ. ஒட்டகச் சந்தை என்று பேரே ஒழிய இப்போது குதிரைதான் அதிகம். மகாராஷ்டிரத்தில் தபதி ஆற்றங்கரையில் சாரங்கேடா என்ற ஊரில் டிசம்பரில் தத்த ஜயந்தியை ஒட்டி ஒரு சந்தை உண்டு. குதிரையை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

#17 செவலை

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் பேசி இப்படி முடிவு செய்திருக்கிறோம். மே தொடக்கத்தில் நியூமார்க்கெட்டிலேயே ரெண்டு ராத்திரி தங்கல். ரெண்டு காலையும் வாரன் ஹில். ஒரு மதியம் பேலஸ் ஹவுஸ், இன்னொரு நாள் நேஷனல் ஸ்டட். கினீஸ் அன்றைக்கு டிக்கெட் எடுத்து, ஸ்டாண்டுக்குப் போகாமல் அந்த வட்டத்து வேலியோரமே நிற்கப்போகிறோம். வீட்டுக்காரர் வருகிறேன் என்று சொல்லிவிட்டார், பர்ஸை மட்டும் தம்பி வீட்டிலேயே வைத்துவிட்டு வருவாராம். ஏலக்கூடத்துக்கு அவரைக் கூட்டிப்போவதா வேண்டாமா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

திரும்பி வந்ததும் ஆடியில் அந்தியூர். நெடுந்தீவு அடுத்த தை மாதம், பள்ளிக்கூட லீவு பார்த்து. பவானிக்கரை தம்பி, அந்தியூரில் தங்க இடம் கிடைக்குமா? எந்த நேரத்துக்கு வந்தால் நல்லது?

#18 பவானிக்கரை

அந்தியூரில் அந்த நாலு நாளும் ரூம் கிடைப்பது கஷ்டம் அக்கா. பவானியிலோ ஈரோட்டிலோ தங்கிக்கொண்டு விடிகாலையில் கிளம்பி வந்துவிடுங்கள். ஏழு மணிக்குள் வந்தால் குதிரைகளுக்குத் தண்ணி காட்டித் தேய்த்துக்கொண்டிருப்பார்கள், ஆட்களும் நின்று பேசுவார்கள். பத்து மணிக்கு மேல் புழுதியும் கூட்டமும் தாங்காது. புதன்கிழமை பண்டிகை முக்கிய நாள், அன்றைக்கு வராதீர்கள், அதற்கு அடுத்த நாள் வாருங்கள். பிள்ளைக்கு ஷூ போட்டுக் கூட்டி வாருங்கள், செருப்பு வேண்டாம். குதிரைக்குப் பின்னால் குறுக்கே போகவிடாதீர்கள். லாயத்தில் பழகிய பிள்ளை என்பதால் இதெல்லாம் அவளுக்கே தெரியும், வீட்டுக்காரருக்குச் சொல்லி வையுங்கள்.